ஹார்டுவேர் வாலெட்ல இருந்து கிரிப்டோ அனுப்புறது எப்படி: பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஸ்க்ரீனைப் படிங்க

ஹார்டுவேர் வாலெட், அதாவது கிரிப்டோவோட ரகசியக் கீயை உள்ள பூட்டி வெச்சுக்கிற சின்ன டிவைஸ், ஒண்ணு வாங்கிட்டா போதும், இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுனு ஒரு பேச்சு கிரிப்டோ க்ரூப் எல்லாத்துலயும் சுத்திக்கிட்டே இருக்கு. கூடவே இன்னொரு பேச்சும் உண்டு: காயின் எல்லாம் அந்த டிவைஸுக்குள்ள இருக்கு, டிவைஸ் தொலைஞ்சா காசும் போச்சுன்னு. ரெண்டுமே தப்பு. அதுல முதல் தப்புதான் ரொம்ப செலவு வைக்கும்.

2025 பிப்ரவரி 21 அன்னைக்கு பைபிட்ங்கிற எக்ஸ்சேஞ்ச்ல (கிரிப்டோ வாங்கி விக்கிற இடம்) இருந்து சுமார் 4 லட்சம் ஈத்தர் (ஈத்தரியத்தோட காயின்), அன்னைய மதிப்புல கிட்டத்தட்ட 150 கோடி டாலர், ஒரே அடியில போச்சு. அங்க ஓகே கொடுத்தவங்க கையில இருந்ததும் ஹார்டுவேர் வாலெட்தான். அந்த டிவைஸை யாரும் உடைக்கல, அதுக்குள்ள இருந்த கீயை யாரும் திருடல. அதுகிட்ட என்ன கொடுத்தாங்களோ அதை அது ஒழுங்கா சைன் பண்ணிக் கொடுத்துச்சு, அவ்ளோதான் நடந்தது.

அது எப்படினு புரியணும்னா, அனுப்புறதுன்னா உள்ள என்ன நடக்குதுனு முதல்ல தெரியணும். லெட்ஜர், ட்ரெஸர் ரெண்டும்தான் நிறைய பேர் கையில இருக்குற டிவைஸ், அதை வெச்சு பிட்காயின், ஈத்தரியம் அனுப்புறதைப் பத்தி மட்டும் இங்க சொல்றேன். மத்த காயினுக்கும் அடிப்படை இதேதான்.

காயின் டிவைஸுக்குள்ள இல்ல

பிளாக்செயின்னா ஒரு கணக்குப் புத்தகம், உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல அதே புத்தகத்தோட காப்பி ஓடிக்கிட்டு இருக்கு. எந்த அட்ரஸ்ல எவ்ளோ இருக்குனு அதுல எழுதியிருக்கும். உங்க பிட்காயின் இருக்குறது அந்தப் புத்தகத்துல ஒரு வரியா. உங்க பாக்கெட்ல இருக்குற டிவைஸ்ல இருக்குறது ப்ரைவேட் கீ, அதாவது அந்த வரியை மாத்தச் சொல்லி உத்தரவு போடுற உரிமையைத் தர்ற ஒரு பிரம்மாண்டமான ரகசிய நம்பர். அந்த நம்பர்ல இருந்து கணக்குப் போட்டு வர்றதுதான் அட்ரஸ், இதை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம், ஏன்னா அட்ரஸை வெச்சு திரும்பிப் போய் ப்ரைவேட் கீயைக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் தடவை டிவைஸை ஆன் பண்றப்ப பெரும்பாலும் 12 இல்லனா 24 இங்கிலீஷ் வார்த்தை காட்டி பேப்பர்ல எழுதிக்கச் சொல்லும்ல, அதுதான் சீடு ஃப்ரேஸ். பெரும்பாலான வாலெட்ல அந்த வார்த்தைங்க 2048 வார்த்தை உள்ள ஒரே லிஸ்ட்ல இருந்துதான் வரும். உங்க எல்லா ப்ரைவேட் கீயையும் அந்த வார்த்தைகள்ல இருந்து மறுபடி உண்டாக்கிடலாம், அதனால டிவைஸ் உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ புது டிவைஸ் வாங்கி அந்த வார்த்தைகளைப் போட்டா எல்லாம் பழையபடி வந்துடும். கண்டெடுத்தவன் பின் நம்பரை ஊகிச்சு ஊகிச்சுப் பார்க்கலாம்னா அதுவும் நடக்காது, லெட்ஜர்ல 3 தடவை தப்பா போட்டா டிவைஸ் தனக்குள்ள இருக்குறதை எல்லாம் அழிச்சுடும்.

ஆக, டிவைஸ் போனா பிரச்சனை இல்ல, வார்த்தை எழுதின பேப்பர் போனாதான் பிரச்சனை. அந்தப் பேப்பரை வேற ஒருத்தன் பார்த்துட்டா அதைவிடப் பெரிய பிரச்சனை.

சைன் பண்றதுன்னா என்ன

ஒரு மளிகை மண்டியை நினைச்சுக்கோங்க. அண்ணாச்சி உள் ரூம்ல இருக்கார், கணக்குப்பிள்ளை வெளிய கல்லாப்பெட்டி பக்கத்துல. யாருக்குப் பணம் கொடுக்கணும், எவ்ளோனு செக்கை எழுதுறதெல்லாம் கணக்குப்பிள்ளை. எழுதி உள்ள கொண்டுபோய் "அண்ணாச்சி, கையெழுத்து"ன்னு நீட்டுவார். அண்ணாச்சி வாசிச்சுப் பார்த்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், பிள்ளை அதை பேங்க்ல கொண்டுபோய்ப் போடுவார். பேங்க் அண்ணாச்சியோட கையெழுத்தை மட்டும்தான் பார்க்கும்.

இதுல உங்க கம்ப்யூட்டரோ ஃபோனோதான் கணக்குப்பிள்ளை. ஹார்டுவேர் வாலெட் உள் ரூம். அண்ணாச்சி நீங்க.

நிஜத்துல நடக்குறது இதுதான். ட்ரெஸர் சூட் மாதிரி ஆப்ல நீங்க அட்ரஸ், தொகை, ஃபீ எல்லாம் போட்டதும் அந்த ஆப் ஒரு ட்ரான்சாக்ஷனைத் தயார் பண்ணும், இன்ன இடத்துல இருக்குற காசை இன்ன அட்ரஸுக்கு மாத்துன்னு சொல்ற ஒரு சின்ன டேட்டா துண்டு. அது கேபிள் வழியா, சில மாடல்ல ப்ளூடூத் வழியா, டிவைஸுக்குப் போகும். டிவைஸ் அதைப் பிரிச்சுப் படிச்சு தன்னோட ஸ்க்ரீன்ல காட்டும். நீங்க டிவைஸ்ல பட்டனை அழுத்தினா, உள்ள இருக்குற ப்ரைவேட் கீயையும் அந்த டேட்டாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு நம்பர் வரும், அதுதான் டிஜிட்டல் சிக்னேச்சர். அந்த சிக்னேச்சர் மட்டும் வெளிய வரும், கீ உள்ளயே இருக்கும். ஆப் அதை வாங்கி நெட்வொர்க்ல விட்டுடும்.

செக்கை விட இது ஒரு விஷயத்துல கெட்டி. செக்ல கையெழுத்து வாங்கின அப்புறம் 4,000 பக்கத்துல ஒரு பூஜ்யம் சேர்க்கலாம். இங்க முடியாது, ஏன்னா சிக்னேச்சர் அந்த டேட்டாவோட ஒவ்வொரு எழுத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டது, ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த சிக்னேச்சர் செல்லாது, நெட்வொர்க் தூக்கிப் போட்டுடும். அதனால கம்ப்யூட்டர் பூரா வைரஸா இருந்தாலும் அதால கீயை எடுக்கவும் முடியாது, நீங்க சைன் பண்ணினதை அப்புறமா திருத்தவும் முடியாது.

ஆனா நீங்க சைன் பண்றதுக்கு முன்னாடி வைரஸ் என்ன வேணும்னாலும் எழுதிக் கொண்டுவரலாம். கணக்குப்பிள்ளை வாயால ஒரு பேர் சொல்லிட்டு செக்ல வேற பேர் எழுதி நீட்டினா, அண்ணாச்சி படிக்காம கையெழுத்துப் போட்டா, யாரு மேல தப்பு சொல்றது? பேங்க் கேள்வி கேக்காது. இங்க பேங்க்கும் கிடையாது, கஸ்டமர் கேரும் கிடையாது, போனது போனதுதான்.

இந்த இடம் புரிஞ்சுட்டா மீதி எல்லாம் லேசு. டிவைஸ் உங்க கீயைக் காப்பாத்தும். நீங்க எதுக்கு ஓகே சொல்றீங்கங்கிறதை அது தீர்மானிக்காது, அதை நீங்க பார்த்துக்கணும்னுதான் அதுல ஒரு ஸ்க்ரீனே வெச்சிருக்காங்க.

அட்ரஸ்: முன்னாடி நாலு, பின்னாடி நாலு பார்த்தா போதுமா?

பிட்காயின் அட்ரஸ் 30, 40 எழுத்து, சிலது 60 எழுத்து வரைக்கும் போகும். யாரும் கையால டைப் பண்றது இல்ல, காப்பி பண்ணி ஒட்டுறதுதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டு கிளிப்போர்டை மட்டுமே குறி வெக்கிற வைரஸ் ரொம்ப வருஷமா சுத்துது. நீங்க ஒரு அட்ரஸை காப்பி பண்ணினதும் அது உஷாராகி, ஒட்டுறப்ப திருடனோட அட்ரஸை ஒட்டிடும். நீங்க கவனிக்காம அனுப்பிட்டா முடிஞ்சது.

"தப்பான அட்ரஸ் போட்டா ஆப்பே ஏத்துக்காதே"ன்னு சிலர் சொல்லுவாங்க. அது பாதி உண்மை. அட்ரஸுக்குள்ளயே செக்சம்னு ஒரு சரிபார்ப்பு இருக்கு, ஒரு எழுத்து மாறிப்போனா பெரும்பாலும் கண்டுபிடிச்சு தடுத்துடும். ஆனா திருடனோட அட்ரஸ் எழுத்துப்பிழை உள்ள அட்ரஸ் இல்லையே, அதுவும் முறையான அட்ரஸ்தான், செக்சம் எல்லாம் பக்காவா இருக்கும்.

அதுலயும் மோசமானது அட்ரஸ் பாய்சனிங். நீங்க அடிக்கடி அனுப்புற அட்ரஸைப் பார்த்து வெச்சுக்கிட்டு, அதே ஆரம்பம், அதே முடிவு வர்ற மாதிரி ஒரு அட்ரஸைக் கம்ப்யூட்டர் வெச்சு உருவாக்குவாங்க, நடுவுல மட்டும் வேற எழுத்து. அதுல இருந்து உங்களுக்கு ஒண்ணுமில்லாத ஒரு தொகையை அனுப்பி வெப்பாங்க. உங்க ஹிஸ்டரியில அது உக்காந்துக்கும். அடுத்த தடவை நீங்க ஹிஸ்டரியைத் திறந்து, "ஆ, இதானே"ன்னு காப்பி பண்ணினா மாட்டினீங்க. 2024 மே மாசம் ஒருத்தர் இப்படித்தான் 1,155 ராப்டு பிட்காயினை (ஈத்தரியம் மேல ஓடுற, பிட்காயின் மதிப்புள்ள டோக்கன்), கிட்டத்தட்ட 7 கோடி டாலரை, ஒரே ட்ரான்சாக்ஷன்ல திருடனுக்கு அனுப்பிட்டார். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அவர் அசால்ட்டா ஒண்ணும் பண்ணல, முதல்ல சின்னதா ஒரு தொகையை சரியான அட்ரஸுக்கு டெஸ்டா அனுப்பிப் பார்த்தார். அந்த டெஸ்டைப் பார்த்துதான் திருடன் தன்னோட போலி அட்ரஸை நடுவுல சொருகினான். பேச்சுவார்த்தை நடந்து காசு பெரும்பாலும் திரும்பி வந்தது, அது அவரோட அதிர்ஷ்டம், அதை நம்பி யாரும் இருக்க முடியாது.

அதனால ஹிஸ்டரியில இருந்து அட்ரஸ் எடுக்கவே கூடாது, ஒவ்வொரு தடவையும் வாங்குறவர்கிட்ட இருந்தோ எக்ஸ்சேஞ்ச்ல டெபாசிட் பக்கத்துல இருந்தோ புதுசா எடுங்க. டிவைஸ் ஸ்க்ரீன்ல வர்றதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வாசிங்க, நடுப்பகுதியும் சேர்த்து. நாலு நாலு எழுத்தா வாய்விட்டு வாசிச்சா ஒரு நிமிஷம் கூட ஆகாது.

எதோட ஒப்பிட்டு வாசிக்கிறது? இதை நிறைய கைடுல விட்டுடுறாங்க. கம்ப்யூட்டர்ல தெரியற அட்ரஸும் டிவைஸ்ல தெரியற அட்ரஸும் ஒண்ணா இருக்குனு பார்த்துட்டு நிம்மதியாயிடுவோம். ஆனா அந்தக் கம்ப்யூட்டர்லயே வைரஸ் இருந்து, எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல தெரியற அட்ரஸையே மாத்திக் காட்டினா? ரெண்டும் அழகா பொருந்தும், ரெண்டுமே திருடனோடது. அதனால தொகை பெருசா இருந்தா அட்ரஸை வேற ஒரு மெஷின்லயும் பாருங்க. கம்ப்யூட்டர்ல இருந்து அனுப்புறீங்கன்னா அதே எக்ஸ்சேஞ்சை ஃபோன் ஆப்ல திறந்து அங்க காட்டுற அட்ரஸை டிவைஸ் ஸ்க்ரீனோட ஒப்பிடுங்க. ஆளுக்கு அனுப்புறீங்கன்னா ஒரு ஃபோன் போட்டு அவரை வாசிக்கச் சொல்லுங்க. ரெண்டு மெஷினையும் ஒரே நேரத்துல ஒரே திருடன் பிடிச்சு வெச்சிருக்குறது அபூர்வம்.

நெட்வொர்க்: அட்ரஸ் சரி, பாதை தப்பு

பிட்காயின் மட்டும் அனுப்புறவங்க இந்தப் பகுதியை வேகமா தாண்டலாம். யூஎஸ்டிடி (டாலர் மதிப்போட கட்டின காயின்) மாதிரி டோக்கன் வெச்சிருக்கவங்க நின்னு படிங்க.

டோக்கன்னா இன்னொரு பிளாக்செயின் மேல ஓடுற காயின். யூஎஸ்டிடி ஈத்தரியம் மேலயும் இருக்கு, ட்ரான் மேலயும் இருக்கு, இன்னும் நிறைய இடத்துல இருக்கு, பேரு ஒண்ணு, ஆனா புத்தகம் வேற வேற. ட்ரான் அட்ரஸ் 'டி' எழுத்துல ஆரம்பிக்கும், ஈத்தரியம் அட்ரஸ் பூஜ்யம், எக்ஸ்னு ஆரம்பிக்கும், அதனால இந்த ரெண்டுக்கும் நடுவுல குழம்பினா ஆப்பே தடுத்துடும். சிக்கல் வர்றது ஈத்தரியம், பாலிகான், ஆர்பிட்ரம், பிஎன்பி செயின் இதுங்களுக்கு நடுவுல. எல்லாத்துலயும் அட்ரஸ் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். நீங்க பாலிகான்ல அனுப்பிட்டு எக்ஸ்சேஞ்ச் ஈத்தரியத்துல எதிர்பார்த்துக்கிட்டு இருந்தா, காசு பிளாக்செயின்ல போய் சேர்ந்திருக்கும், உங்க அக்கவுண்ட்ல மட்டும் வராது. உங்க சொந்த அட்ரஸுக்கே அப்படி அனுப்பியிருந்தா பரவாயில்ல, கீ உங்ககிட்ட இருக்கு, அந்த நெட்வொர்க்ல போய் எடுத்துக்கலாம். எக்ஸ்சேஞ்ச் அட்ரஸ்னா கீ அவங்ககிட்ட, எடுத்துத் தர்றதும் தராததும் அவங்க இஷ்டம்.

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் அனுப்புறவங்களுக்கு இன்னொரு தொல்லை. எக்ஸ்சேஞ்ச் எல்லா கஸ்டமருக்கும் ஒரே அட்ரஸைக் கொடுத்துட்டு, ஆளுக்கு ஒரு நம்பர் கொடுக்கும். எக்ஸ்ஆர்பில அதுக்கு டெஸ்டினேஷன் டேக்னு பேரு, ஸ்டெல்லார்ல மெமோ. அதைப் போடாம அனுப்பினா காசு யாருதுன்னே தெரியாம நிக்கும், சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டுட்டு உக்காந்திருக்கணும்.

சுருக்கமா, அனுப்புற பக்கமும் வாங்குற பக்கமும் ஒரே நெட்வொர்க் பேரு இருக்கணும், டேக் கேட்டா டேக் போடணும்.

ஃபீ: தொகைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல

பேங்க்ல பெரிய தொகைக்குப் பெரிய கட்டணம்னு பழகிட்டோம், அதனால இங்கயும் அப்படித்தான்னு நினைக்கிறவங்க நிறைய. பிட்காயின்ல ஃபீ கணக்குப் போடுறது ட்ரான்சாக்ஷன் டேட்டா எவ்ளோ இடம் பிடிக்குதுங்கிறதை வெச்சு. ஒரு பிட்காயின்ல 10 கோடி சடோஷி இருக்கு, ஒரு யூனிட் இடத்துக்கு இத்தனை சடோஷினு ஏலம் மாதிரி நடக்கும். சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒரு பிளாக், அதாவது கணக்குப் புத்தகத்துல ஒரு புதுப் பக்கம், வரும், அதுல இடம் கொஞ்சம்தான், யாரு அதிகம் கொடுக்குறாங்களோ அவங்களை அந்தப் பக்கத்தை எழுதுற மைனர் முதல்ல ஏத்துவார். ஏத்தாம காத்துக்கிட்டு இருக்குற ட்ரான்சாக்ஷன் எல்லாம் இருக்குற இடத்துக்கு மெம்பூல்னு பேரு. சின்னச் சின்ன தொகையா நிறைய தடவை வாங்கிச் சேர்த்த காசை ஒரே தடவை அனுப்பினா டேட்டா நீளமாகும், ஃபீயும் ஏறும். ஒரே பெரிய தொகையா வந்ததை அனுப்பினா கோடி ரூபாயா இருந்தாலும் ஃபீ கம்மி.

ஆப் காட்டுற நார்மல் ஃபீயை வெச்சுக்கிட்டா போதும், கையால மாத்த வேண்டாம். ஃபீ தப்பாப் போனா என்ன ஆகும்னு ஒரு பெரிய கம்பெனியே காட்டியிருக்கு. 2023 செப்டம்பர்ல பாக்ஸோஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனி சுமார் 2,000 டாலர் அனுப்புறதுக்கு ஏறக்குறைய 20 பிட்காயினை, அதாவது 5 லட்சம் டாலர் கிட்ட, ஃபீயா கட்டிடுச்சு. மைனிங் பண்ணின எஃப்2பூல் பெருந்தன்மையா திருப்பிக் கொடுத்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு ட்ரான்சாக்ஷன்ல 139 பிட்காயின்ல 83க்கு மேல ஃபீயாவே போச்சு. டிவைஸ் ஸ்க்ரீன்ல ஃபீயும் காட்டும், ட்ரெஸர் மாதிரி டிவைஸ் ஃபீ வழக்கத்துக்கு மாறா இருந்தா தனியா எச்சரிக்கும், அந்த வரியையும் படிங்க.

பிட்காயின் அனுப்பின அப்புறம் எக்ஸ்ப்ளோரர்ல, அதாவது பிளாக்செயினைத் தேடிப் பார்க்குற வெப்சைட்ல, போய்ப் பார்த்துட்டு "நான் அனுப்பினது ஒரு அட்ரஸுக்கு, இங்க ரெண்டு அட்ரஸுக்குப் போயிருக்கே, ஹேக் ஆயிடுச்சா?"ன்னு பதறுறவங்க உண்டு. பிட்காயின்ல வந்த காசை உடைக்காம முழுசாதான் செலவு பண்ண முடியும், மிச்சம் உங்களுக்கே சொந்தமான ஒரு புது அட்ரஸுக்குத் திரும்பி வரும். அது மீதிச் சில்லறை, திருட்டு இல்ல. அந்தப் புது அட்ரஸ் உங்களோடதுதானானு டிவைஸே சரிபார்த்துக்கும், அதனாலதான் பெரும்பாலும் ஸ்க்ரீன்ல அதைக் காட்டாது.

ஈத்தரியத்துல ஃபீக்கு கேஸ்னு பேரு, அதை ஈத்தர்லதான் கட்டணும். 500 யூஎஸ்டிடி இருக்கு, ஈத்தர் பூஜ்யம்னா ஒரு யூஎஸ்டிடி கூட நகராது. புதுசா வர்றவங்க அடிக்கடி மாட்டுற இடம் இது, கொஞ்சம் ஈத்தர் எப்பவும் போட்டு வெச்சுக்கோங்க.

பிளைண்ட் சைனிங்: பைபிட்ல நடந்தது

இப்ப அந்த 150 கோடி டாலர் கதைக்கு வரலாம்.

பைபிட் தன்னோட ஈத்தரை பல பேர் சேர்ந்து சைன் பண்ணினாதான் நகரும்ங்கிற மல்ட்டிசிக் முறையில வெச்சிருந்தது, அதுக்கு சேஃப்ங்கிற வெப்சைட்டைப் பயன்படுத்தினாங்க. திருடங்க பைபிட்டைத் தொடவே இல்ல, சேஃப் டெவலப்பர் ஒருத்தரோட கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து அந்த வெப்சைட்டோட கோடையே மாத்திட்டாங்க. சைன் பண்றவங்களுக்கு மானிட்டர்ல தெரிஞ்சது வழக்கமான ஒரு ட்ரான்ஸ்ஃபர். டிவைஸுக்குப் போனது வேற, அந்த மல்ட்டிசிக்கோட கட்டுப்பாட்டையே திருடன் கைக்கு மாத்துற உத்தரவு. டிவைஸ் ஸ்க்ரீன்ல வந்ததோ மனுஷன் படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி இல்லாத எழுத்து நம்பர் குவியல். மானிட்டர்ல சரியாத்தானே இருக்குனு ஓகே கொடுத்தாங்க. வட கொரியா வேலைனு அமெரிக்காவோட எஃப்பிஐ சில நாள்லயே சொல்லிடுச்சு.

இதுக்குப் பேருதான் பிளைண்ட் சைனிங், என்னனு படிக்க முடியாததை சைன் பண்றது. அண்ணாச்சிக்குத் தெரியாத பாஷையில எழுதின செக்குனு வெச்சுக்கோங்க.

நம்ம ஊர்லயும் இது நடந்தது. 2024 ஜூலை 18 அன்னைக்கு வாசிர்எக்ஸ்ங்கிற இந்திய எக்ஸ்சேஞ்ச்ல 23 கோடி டாலருக்கு மேல போச்சு, அதுவும் மல்ட்டிசிக்தான். ஸ்க்ரீன்ல காட்டினதுக்கும் நிஜமா சைன் ஆனதுக்கும் வித்தியாசம் இருந்துச்சுனு வாசிர்எக்ஸ் சொன்னது, அந்த ஸ்க்ரீனைக் கொடுத்த லிமினல் எங்க சிஸ்டத்துல தப்பு இல்லனு மறுத்தாங்க. யார் தப்புங்கிற சண்டை நமக்கு வேண்டாம், காசு போட்டவங்க வித்ட்ராயல் முடங்கி மாசக்கணக்கா காத்துக் கிடந்தாங்க.

நீங்க மல்ட்டிசிக் எல்லாம் பண்ணப் போறதில்ல, ஆனா ஆபத்து உங்களுக்கும் இருக்கு. ஏதோ ஒரு சைட்ல ஃப்ரீ டோக்கன் தரோம், வாலெட்டைக் கனெக்ட் பண்ணுங்கனு சொல்லும். கனெக்ட் பண்ணினதும் ஒரு அப்ரூவல் கேக்கும். அப்ரூவல்னா உங்க டோக்கனை எடுத்துக்க இன்னொரு ப்ரோக்ராமுக்கு அனுமதி கொடுக்குறது, பல சமயம் அளவே இல்லாம. அதை ஹார்டுவேர் வாலெட்ல சைன் பண்ணினாலும் சாதா வாலெட்ல சைன் பண்ணினாலும் பலன் ஒண்ணுதான், அப்புறம் உங்க டிவைஸ் பீரோவுல பூட்டிக் கிடந்தாலும் அவன் எடுத்துப்பான்.

ஆரம்பத்துல இருக்குறவங்களுக்கு என் கருத்து இது: சாதாரணமா காசு அனுப்புறப்ப டிவைஸ் ஸ்க்ரீன்ல யாருக்கு, எவ்ளோனு தெளிவா வரும். அப்படி வராம புரியாத டேட்டா வந்தாலோ, பிளைண்ட் சைனிங்கை செட்டிங்ஸ்ல ஆன் பண்ணுனு கேட்டாலோ, ரிஜெக்ட் அழுத்திட்டு வெளிய வந்துடுங்க. ரிஜெக்ட் பண்றதால ஒரு பைசா போகாது. நீண்ட நாள் சேமிப்பு இருக்குற வாலெட்டை எந்த சைட்லயும் கனெக்ட் பண்ணவே பண்ணாதீங்க, அப்படி விளையாடிப் பார்க்கணும்னா வேற ஒரு வாலெட்ல கொஞ்சமா போட்டு விளையாடுங்க.

சீடு ஃப்ரேஸ் கேட்டா அது திருடன்

அனுப்புறதுக்கு சீடு ஃப்ரேஸ் தேவையே இல்ல. எந்தக் கட்டத்துலயும் இல்ல. பின் போட்டுத் திறக்கணும், பட்டன் அழுத்தணும், அவ்ளோதான். அதனால அனுப்புற நேரத்துல ஆப்போ, மெயிலோ, டெலிகிராம்ல சப்போர்ட்னு சொல்லிக்கிட்டு வர்றவனோ 24 வார்த்தையைக் கேட்டா யோசிக்கவே வேண்டாம்.

2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட்டோட ஆப் ஸ்டோர்லயே லெட்ஜர் லைவ்ங்கிற பேர்ல ஒரு போலி ஆப் இருந்துச்சு, அதை நம்பி வார்த்தையை டைப் பண்ணினவங்ககிட்ட இருந்து 16 பிட்காயினுக்கு மேல போச்சு. அதுக்கும் முன்னாடி 2020ல லெட்ஜர் கம்பெனியோட கஸ்டமர் லிஸ்ட் லீக் ஆகி, சுமார் 2.7 லட்சம் பேரோட பேரும் வீட்டு அட்ரஸும் வெளிய வந்துச்சு. அடுத்த வருஷம் சிலருக்கு வீட்டுக்கே பார்சல்ல போலி டிவைஸ் வந்தது, உங்க டிவைஸ் பாதுகாப்பு இல்ல, இதுக்கு மாத்திக்கோங்கனு லெட்டரோட. பேக்கிங் எல்லாம் ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சாம்.

டிவைஸை கம்பெனி சைட்லயோ அவங்க அங்கீகரிச்ச கடையிலயோ மட்டும் வாங்குங்க, ஆப்பையும் கம்பெனி சைட்ல இருந்தே எடுங்க, கூகுள்ல மேல வர்ற விளம்பரத்தை க்ளிக் பண்ணாதீங்க. வார்த்தை ஏற்கனவே அச்சடிச்ச சீட்டு பெட்டிக்குள்ள இருந்தா அந்த டிவைஸைத் தொடாதீங்க, வார்த்தையை உங்க கண் முன்னாடி டிவைஸ்தான் உருவாக்கிக் காட்டணும்.

இப்ப நிஜமா அனுப்புவோம்

வாங்குற பக்கத்துல இருந்து அட்ரஸைப் புதுசா எடுத்துக்கோங்க, நெட்வொர்க் என்னனு பார்த்துக்கோங்க. ஆப்ல ஒட்டி சின்னதா ஒரு தொகை போடுங்க, ஆனா ரொம்ப சின்னதாவும் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச்ல குறைஞ்சபட்ச டெபாசிட்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அதுக்குக் கீழ அனுப்பினா கணக்குல ஏறாம போயிடும். டிவைஸ்ல வர்ற அட்ரஸ், தொகை, ஃபீ மூணையும் படிச்சுட்டு பட்டனை அழுத்துங்க.

அது போய் சேர்ந்து எதிர்ப்பக்கம் கணக்குல ஏறுற வரைக்கும் பொறுங்க. ஏறினதும் மீதியை அனுப்பலாம், அப்பவும் டிவைஸ்ல முழு அட்ரஸையும் திரும்பப் படிக்கணும். டெஸ்ட் பண்ணியாச்சேங்கிற தைரியத்துலதான் நம்ம ஆளுங்க ரெண்டாவது தடவை கண்ணை மூடிக்கிட்டு அழுத்துறாங்க, 2024ல அந்த 1,155 போனதும் சரியா அந்த ரெண்டாவது தடவையிலதான். பிட்காயின்னா டெஸ்டுக்கும் ஒரு ஃபீ போகும், அதுக்காக கஞ்சத்தனம் பார்க்காதீங்க. பத்து டாலர் அனுப்புறதுக்கு மட்டும் டெஸ்ட் எல்லாம் வேண்டாம்.

அவசரத்துல, தூக்கக் கலக்கத்துல, யாராவது ஃபோன்ல "சீக்கிரம், சீக்கிரம்"னு விரட்டுறப்ப அனுப்பாதீங்க. விரட்டுறவனே திருடனா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

அனுப்பின அப்புறம்

அனுப்பினதும் ட்ரான்சாக்ஷன் ஐடினு 64 எழுத்துல ஒண்ணு வரும், அதை எக்ஸ்ப்ளோரர்ல போட்டா எங்க நிக்குதுனு தெரியும். ஒரு பிளாக்ல ஏறினா ஒரு கன்ஃபர்மேஷன், அதுக்கு மேல ஒவ்வொரு பிளாக் வரும்போதும் ஒண்ணு கூடும். பிட்காயின்ல பெரிய தொகைக்கு 6 கன்ஃபர்மேஷன், அதாவது ஒரு மணி நேரம் போலங்கிறது பழைய வழக்கம், எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் இது மாறும். ஈத்தரியத்துல 12 செகண்டுக்கு ஒரு பிளாக் வந்தாலும் இனி மாறவே மாறாதுங்கிற நிலைக்கு வர கால் மணி நேரம் கிட்ட ஆகும்.

பிட்காயின் ரொம்ப நேரம் கன்ஃபர்ம் ஆகாம நின்னா பெரும்பாலும் ஃபீ கம்மியா போட்டதுதான் காரணம். காசு தொலையல, மெம்பூல்ல வரிசையில நிக்குது. நிறைய ஆப்ல அதே ட்ரான்சாக்ஷனை ஃபீ கூட்டி மறுபடி சைன் பண்ற வசதி இருக்கு, இல்லனா சும்மா காத்திருந்தாலும் கூட்டம் குறையுறப்ப பெரும்பாலும் பிளாக்ல ஏறிடும். இந்த நேரத்துல "ட்ரான்சாக்ஷனை ரெக்கவர் பண்ணித் தரேன்"னு இன்பாக்ஸ்ல ஒருத்தன் வருவான், பிளாக் பண்ணிடுங்க.

இந்தியாவுல இருக்கவங்க ட்ரான்சாக்ஷன் ஐடி, தேதி, வாங்கின விலை மூணையும் ஒரு ஷீட்ல போட்டு வெச்சுக்கோங்க. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வருஷம் ஜூலையில இருந்து விக்கிறப்ப 1 சதவீத டிடிஎஸ். உங்க வாலெட்ல இருந்து உங்க எக்ஸ்சேஞ்ச் அக்கவுண்ட்டுக்கு மாத்துறது விற்பனை இல்ல, ஆனா அங்க போய் வித்தீங்கன்னா வாங்கின விலையை மட்டும்தான் கழிக்க முடியும், அந்த விலை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது, வெளிய இருந்து வந்த காயின் ஆச்சே. காமிக்கிறதுக்கு உங்ககிட்ட ரெக்கார்ட் இருக்கணும்.